செம்பனைத் தோட்டத்துக்கு எந்தத் தோட்டா, எந்தச் சோக்?

துப்பாக்கி உரிமம் கைக்கு வந்ததும், மலேசியாவின் பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் தோட்டா நல்லா அடிக்கும், அண்ணே?" என்பதுதான். கடைக்காரரிடம் கேட்டால் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டால், "எஸ்ஜி போடு தம்பி, எது வந்தாலும் விழும்" என்பார். எஸ்ஜி என்றால் ஒரு தோட்டாவில் எட்டொன்பது பெரிய ஈயக்குண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மரம் தள்ளிச் சுடப் போகிறீர்கள்?

செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எந்த வரிசையில் பார்த்தாலும் 9 மீட்டர். இரண்டு மரம் 18, மூன்று மரம் 27, நான்கு மரம் 36. வேட்டைத் தோட்டாவையும், குழல் வாயின் குறுக்கமான சோக்கையும் சோதிக்க வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் தூரம் 40 கெஜம், அதாவது 36 மீட்டர் சொச்சம். நம் கணக்கில் நான்கு மரம். பினாங்குப் பெருநிலத்தில் செம்பனை வைத்திருப்பவருக்கு அளவுகோல் நிலத்திலேயே நட்டுக் கிடக்கிறது. ஆகவே இங்கே தூரத்தை மரக்கணக்கிலேயே சொல்கிறேன். சரிவு நிலத்திலும் பழைய நடவிலும் இடைவெளி மாறும். உங்கள் தோட்டத்தில் ஒருமுறை நாடா பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தேர்வு எதுவும் இல்லை. துப்பாக்கியும் தோட்டாவும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் உரிமத்துக்கு உட்பட்டவை. உரிமம் ஆளுக்குத்தான், அண்ணன் தம்பியானாலும் துப்பாக்கியை மாற்றிக் கொடுக்க முடியாது. சுடப்படும் விலங்குக்குத் தனிச் சட்டம், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். காட்டுப்பன்றிக்கும் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை என்று உரிமத்தில் எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள். நீண்டவால் குரங்கான கேராவையும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருமந்தியையும் இந்தக் கட்டுரையில் சேர்க்கவே இல்லை. கேராவை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022இல் அழியும் அபாயத்தில் இருக்கும் இனங்களில் சேர்த்தது. குரங்குத் தொல்லை தாங்கவில்லை என்றால் இலாகாவைக் கூப்பிடுங்கள். அது தோட்டாவால் தீரும் விஷயமும் அல்ல, ஒரு கூட்டத்தைக் கலைத்தால் இரண்டு கூட்டமாக வந்து நிற்கும்.

இனி சோக். குழல் வாயின் கடைசிச் சில அங்குலத்தில் இருக்கும் குறுக்கம்தான் அது. 12 போர் என்ற அளவுத் துப்பாக்கியில் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். வாயில் ஒரு மில்லிமீட்டர் குறுக்கினால் முழுச் சோக். முக்கால் மில்லிமீட்டர் என்றால் முக்கால் சோக், அரை மில்லிமீட்டர் என்றால் அரைச் சோக், கால் மில்லிமீட்டர் என்றால் கால் சோக். குறுக்கமே இல்லாவிட்டால் சிலிண்டர். நான்கு மரத் தூரத்தில், 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் மொத்தக் குண்டுகளில் எத்தனை விழுகின்றன என்பதுதான் சோக்கின் தரக்கணக்கு. சிலிண்டரில் 40 விழுக்காடு, கால் சோக்கில் 55, அரையில் 60, முக்காலில் 65, முழுதில் 70. அமெரிக்கப் பெயரில் மாடிஃபைட் என்று போட்டிருந்தால் அது நம் அரைச் சோக்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் முழுச் சோக்குதான் சிறந்தது என்று தோன்றும். நம் தோட்டங்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஏனென்றால் ஊரில் புழங்கும் ஒற்றைக்குழல் மடக்குத் துப்பாக்கிகள், செனாப்பாங் பாத்தா என்று எல்லா இனத்தாரும் சொல்லும் அவை, பெரும்பாலும் முழுச் சோக்கோடு வருகின்றன. ஆனால் செம்பனைக்குள் நான்கு மரத் தூரத்துக்குத் தெளிவாகப் பார்வை கிடைப்பது எப்போதாவதுதான். தொங்கும் ஓலை, மண்டிய பெரணி, வெட்டி அடுக்கிய ஓலைக் குவியல் என்று இடையில் ஏதாவது வந்து நிற்கும். பெரும்பாலான வாய்ப்பு இரண்டு மரத்திலோ இரண்டரை மரத்திலோதான் வரும். அந்த 18 மீட்டரில் முழுச் சோக்கின் பரவல் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலம்தான். சிலிண்டரில் அது 80, அரைச் சோக்கில் 50. ஓடுகிற விலங்கின்மேல் 40 சென்டிமீட்டர் பரவலைச் சரியாக வைக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும். ஓரம் பட்டால் குண்டுக் கூட்டத்தின் விளிம்பு மட்டும் உடலில் ஏறும், விலங்கு காயத்தோடு போய்விடும். அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சுகிறேன். தப்பிப்போன விலங்கு மறுநாள் வரலாம், விரட்டலாம். குடலில் குண்டு வாங்கிய பன்றி எங்கோ ஒரு வடிகாலில் கிடந்து நாள் கணக்கில் சாகும்.

ஆகவே சோக்கை மாற்றக்கூடிய துப்பாக்கி வாங்கும் வசதி இருந்தால் கால் சோக்கையும் அரைச் சோக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முழுச் சோக் பெட்டியிலேயே இருக்கட்டும். திருகிப் பொருத்தும் சோக் குழாயின் விளிம்பில் கீறல்கள் இருக்கும்: ஒரு கீறல் முழுது, இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால், ஐந்து சிலிண்டர். ஐரோப்பியத் துப்பாக்கிகளில் குழலின்மேல் இதே வரிசையில் நட்சத்திரம் பொறித்திருப்பார்கள். ஒற்றை நட்சத்திரம் முழுச் சோக். கீறல் கூடக் கூடக் குறுக்கம் குறையும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள், தலைகீழாக நினைப்பவர்கள் உண்டு. குழாய் பொருத்தாமல் சுடவே கூடாது, உள்திருகு கெட்டுவிடும்.

நிலையான முழுச் சோக் துப்பாக்கிதான் கையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்பவர்கள்தான் அதிகம் என்று தெரியும். அவர்களுக்குத் தோட்டாதான் திருத்தும் கருவி. தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புதான் வாட். பிளாஸ்டிக் கிண்ண வாட் உள்ள தோட்டா குண்டுகளைக் கிண்ணத்துக்குள் பிடித்து வைத்து அனுப்பும், பரவல் இறுகும். நார் வாட் உள்ள தோட்டாவில் வெளிச்சுற்றுக் குண்டுகள் குழலோடு உராய்ந்து சற்றே நசுங்கும், நசுங்கியவை விலகிப் பறக்கும், பரவல் அகலும். முழுச் சோக் வைத்திருப்பவர் நார் வாட் தோட்டாவைப் போட்டால் முக்காலுக்கு அருகில் இறங்கி வந்துவிடலாம். ஆனால் இதெல்லாம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். காகிதத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

தோட்டாவுக்கு வருவோம். இதில் பெரிய பொறி குண்டின் எண். பெட்டியில் 6 என்று போட்டிருந்தால் அது எந்த நாட்டு 6 என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் 6ஆம் எண் குண்டு 2.6 மில்லிமீட்டர், ஒரு அவுன்ஸில், அதாவது 28 கிராமில், ஏறக்குறைய 270 குண்டுகள். அமெரிக்க 6 என்பது 2.8 மில்லிமீட்டர், அவுன்ஸுக்கு 225 குண்டுகள். அதாவது அமெரிக்க 6 நடைமுறையில் பிரிட்டிஷ் 5. அதேபோல பிபி என்றால் பிரிட்டனில் 4.1 மில்லிமீட்டர், அமெரிக்காவில் 4.6 மில்லிமீட்டர் அளவு. இத்தாலியப் பெட்டியில் எண் இன்னொரு விதம். அண்டைத் தோட்டத்துக்காரர் "நான் 6 போடுறேன், நல்லா இருக்கு" என்று சொன்னதைக் கேட்டு வேறு நாட்டு 6 வாங்கிவந்தால் நீங்கள் வாங்கியது வேறு தோட்டா. பெட்டியின் பக்கவாட்டில் மில்லிமீட்டர் அச்சிட்டிருக்கும், அதை மட்டும் நம்புங்கள். இனி இங்கே நான் எண் சொல்லும் இடமெல்லாம் பிரிட்டிஷ் எண்.

எண் குறைந்தால் குண்டு பெரிது, எண்ணிக்கை குறைவு. 7ஆம் எண் அவுன்ஸுக்கு 340, 6ஆம் எண் 270, 5ஆம் எண் 220, 4ஆம் எண் 170, பிபி 70, எஸ்ஜி வெறும் 8. பெரிய குண்டு ஆழமாகப் பாயும், ஆனால் இடைவெளி விட்டு விழும். சின்னக் குண்டு நெருக்கமாக விழும், தூரம் போகப் போக வேகம் இழந்து மேல்தோலோடு நின்றுவிடும். ஒரு விலங்கைச் சுத்தமாக வீழ்த்த இரண்டும் வேண்டும்: உயிர்நிலையில் சில குண்டுகள் கட்டாயம் விழும் அளவுக்கு நெருக்கம், விழுந்தவை உள்ளே போகும் அளவுக்குப் பாய்ச்சல். "பெரிசாப் போடு" என்ற யோசனையில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது.

டுரியான் மரத்து அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிக் பூலாவ் சரிவுகளில் காய் முற்றும் பருவத்தில் அணில் கொறித்துத் தள்ளிய பிஞ்சுகள் மரத்தடியில் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறெரியும். அணில் சின்ன உடல், மேலே 15, 20 மீட்டர் உயரத்தில் இலைக்குள் இருக்கும். இதற்கு மொத்தக் குண்டு எடை 28 கிராம் உள்ள 6ஆம் எண் தோட்டா, கால் சோக். 7ஆம் எண்ணில் நெருக்கம் கூடுதல்தான், ஆனால் இலை தடுக்கும். 5 போட்டால் அணில் உடலுக்கு இடைவெளி பெரிது. முழுச் சோக்கில் அடித்தால் அந்தக் குண்டுக்கொத்து கிளைக்காம்பையும் பழத்தையும் சேர்த்துக் கிழிக்கும். பழத்தின் முள்ளுக்குள் நின்றுவிட்ட ஈயக்குண்டை வாங்கியவர் பல்லில் கடித்தால், அந்தத் தவுக்கே (வியாபாரி) மறுபடி உங்கள் மரத்துப் பக்கம் வரமாட்டார். அதனால் பழம் முற்றிய மரத்தில் சுடுவதைவிட, தனித்து நிற்கும் மரமாக இருந்தால் அடிமரத்தைச் சுற்றி வழுவழுப்பான துத்தநாகத் தகரம் கட்டுவது மேல். கிளை கிளையோடு பின்னிய தோப்பில் தகரம் பயன்படாது என்பது உண்மைதான். அணில்களில் சில வகை பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், எந்த அணில் என்று பார்த்து, பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொட வேண்டும்.

காகம் நம் ஆட்களுக்குச் சங்கடமான விஷயம். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கா கா என்று அழைக்கும் வீட்டில் பிறந்தவன், காகத்தைச் சுடுவது பற்றி எழுதுவது எளிதல்ல. ஆனால் இந்த வீட்டுக்காகம் இந்த மண்ணின் பறவை அல்ல. 1890களில் காப்பித் தோட்டத்துக் கம்பளிப்பூச்சிகளைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய்விட்டது, காகம் தங்கி, பெருகி, தீபகற்பத்தின் மேற்குக் கரை நகரங்களை நிரப்பிவிட்டது. நகரங்களில் இதைச் சுடுவது ஊராட்சி மன்றங்கள் ஏற்பாடு செய்யும் பணி; உரிமம் உள்ளவர்களை அழைத்து, போலீசுக்குத் தெரிவித்து, நாள் குறித்து நடத்துவார்கள். தனியாள் தெருவில் இறங்குவதற்கு இடமே இல்லை. அப்படி அழைக்கப்பட்டால் 28 கிராம் 7 அல்லது 6, கால் சோக். தூங்குமூஞ்சி மரத்தில் அடையும் காகம் 20 மீட்டருக்கு மேல் பெரும்பாலும் இருக்காது. மேலே சொன்ன அணில் கணக்குதான், இலை குறைவு என்பதால் 7 போதும்.

குண்டு விழும் இடம் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். ஈயக்குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ழூர்னே என்ற பிரெஞ்சு அதிகாரியின் பழைய விதி ஒன்று உண்டு: குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் கெஜக் கணக்கில் அதிகபட்சத் தூரம். 6ஆம் எண் ஏறக்குறைய 205 மீட்டர். 5ஆம் எண் 220. பிபி 320. எஸ்ஜி 660 மீட்டர். நேர் உச்சியில் சுட்ட சின்னக் குண்டு வேகமிழந்து மழைத்துளியாகத் தகரக் கூரையில் உதிரும். ஆனால் கண்ணில் விழுந்தால் கண் போகும். சாய்வாகச் சுட்டது அந்த முழுத் தூரமும் போகும். செபராங் பிறை தெற்கு பெரும்பாலும் தட்டை நிலம். உங்கள் தோட்டத்திலிருந்து 660 மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கைப்பேசி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கம்பத்து (கிராமத்து) வீடு இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும், கோயில் இருக்கும், நெடுஞ்சாலை இருக்கும். பக்கத்து வரிசையில் குலை அறுக்கும் வங்காளதேசத் தொழிலாளி இருப்பார். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. எஸ்ஜியை எல்லாவற்றுக்கும் போடு என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

காட்டுப்பன்றிதான் உண்மையான சிக்கல். மறுநடவு செய்த தோட்டத்தில் ஓரிரு ஆண்டுக் கன்றுகளைத் தோண்டிக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். ஒரு வரிசையில் காலை எழுந்து பார்த்தால் கன்று கன்றாகச் சாய்ந்து கிடக்கும், வெள்ளைக் குருத்து இருந்த இடம் குழியாக இருக்கும். கன்றைச் சுற்றிக் கம்பிவலை, எல்லையில் மின்வேலி, இரண்டையும் செய்து பார்த்த பிறகும் தொல்லை இருந்தால்தான் துப்பாக்கி என்பது என் நிலை.

பன்றிக்குச் சின்னக் குண்டு எதுவும் ஆகாது. "4ஆம் எண்ணால் ஒரு தட்டு தட்டி விரட்டலாம்" என்று சிலர் செய்வது வதை. தடித்த தோல், கொழுப்பு, தோள்பட்டைக் குருத்தெலும்பு என்று அடுக்கடுக்காக இருக்கிற உடலில் அது மேலோடு நின்று சீழ்பிடிக்கும். பிபியும் இதே கதைதான். ஆகவே மீதி இருப்பது இரண்டு: எஸ்ஜி, அல்லது ஒற்றைக் குண்டான ஸ்லக்.

32 கிராம் எஸ்ஜி தோட்டாவில் 9 குண்டுகள். ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், மூன்றரை கிராம். நான்கு மரத் தூரத்தில் முழுச் சோக் எண்பதை எட்டினால்கூட 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 7 குண்டு. பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் இரண்டு கைகளை அருகருகே விரித்து வைத்த அளவு. அந்த இடத்துக்கு வருவது ஒரு குண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. மற்றவை வயிற்றிலும் தொடையிலும் போகும். இரண்டு மரத் தூரத்தில் கணக்கு தலைகீழாகும். அரைச் சோக்கில் 9 குண்டும் 50 சென்டிமீட்டருக்குள் விழும், நடுவில் நெருக்கமாக. மூன்று நான்கு குண்டுகள் உயிர்நிலையில் ஏறும், பன்றி நின்ற இடத்திலோ சில அடி தள்ளியோ விழும். எனவே எஸ்ஜிக்கு என் எல்லை இரண்டு மரம். மூன்றாவது மரத்தடியில் நிற்கிற பன்றியை விட்டுவிடுங்கள். பெரிய குண்டுகளுக்கு முழுச் சோக் பல துப்பாக்கிகளில் கெடுதலே செய்கிறது: குறுக்கத்தில் ஒன்றோடொன்று மோதி நசுங்கி ஒழுங்கில்லாமல் சிதறும். அரைச் சோக்கில் சீராக வருவதைக் காகிதத்தில் பார்க்கலாம்.

ஸ்லக் வேறு வகை. ஒரே ஈயக்கட்டி, வழக்கமாக 28 கிராம். பரவல் என்ற பேச்சே இல்லை, துல்லியம்தான். பின்பக்கக் குறிகாட்டி இல்லாமல், குறிபார்க்க முனையில் ஒற்றை மணி மட்டும் உள்ள துப்பாக்கியில் மூன்று மரத்துக்குமேல் நம்பக்கூடாது. சிலிண்டர் அல்லது கால் சோக்கில் போடலாம். முழுச் சோக்கில் தோட்டாத் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் தவிரப் போடக்கூடாது. குறி தவறிய ஸ்லக் எஸ்ஜியைவிடத் தூரம் போகும். நன்மை என்னவென்றால் 9 குண்டு 9 பக்கம் போகாது, எங்கே போகும் என்று தெரியும். சுடுகளத்தில் பழகி, இரண்டு மரத் தூரத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் திரும்பத் திரும்ப வைக்கக்கூடியவருக்கு ஸ்லக்கையே சொல்வேன். பழக்கம் குறைந்தவருக்கு எஸ்ஜி, அதுவும் இரண்டு மரத்துக்குள்.

எதைப் போட்டாலும் பரண் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் உடலைத் துளைத்த குண்டும் தவறிய குண்டும் மண்ணுக்குள் போகும். தட்டை நிலத்தில் வேறு தடுப்பு கிடையாது. தினைப்புனம் காத்த நம் முன்னோர் பரண்மேலிருந்து கவண் எறிந்தது சுற்றிலும் பார்வை கிடைப்பதற்காக; நமக்கு அது பக்கத்துக் கம்பத்தின் உயிர்க்காப்பு. பரணை எங்கே போடுவது என்பதும் மரக்கணக்குதான்: பன்றித் தடத்திலிருந்து ஒன்றரை மரம் தள்ளி, பின்னால் வீடோ பாதையோ இல்லாத திசை பார்த்து.

எலிக்கும் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு கூட்டுப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுங்கள். எந்தத் தோட்டாவும் அதற்கு ஈடாகாது.

28, 32, 36 கிராம் என்ற வேறுபாட்டில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. 36 கிராமும், மேக்னம் என்ற கூடுதல் சக்தித் தோட்டாவும் தோளை உதைக்கும்; உதை தெரிந்த பிறகு விசையை இழுக்கும்போதே கை சுருங்கும். கூடுதல் குண்டுகளால் கிடைத்த நெருக்கத்தை அந்தச் சுருக்கம் தின்றுவிடும். எடை குறைந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியில் 28, கனமான இரட்டைக்குழலில் 32, அவ்வளவே.

இப்போது காகிதம். சுடுகளத்தில் அனுமதி கேட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குழுவேலைக்கு விரிக்கும் மாஜோங் தாள் இரண்டை ஒட்டி நிறுத்துங்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்தில் நின்று, ஒரு தாளுக்கு ஒரே ஒரு தோட்டா. சுட்டபின் குண்டு நெருக்கமாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 76 சென்டிமீட்டர் வட்டம் வரையுங்கள். ஒரு கயிற்றில் 38 சென்டிமீட்டருக்கு முடிச்சுப் போட்டுப் பேனாவைக் கட்டினால் போதும். துளைகளை எண்ணிப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. அணிலுக்காகச் சோதிக்கிறீர்கள் என்றால் அட்டையில் அணில் உருவம் வெட்டி வட்டத்துக்குள் நகர்த்திப் பாருங்கள்: ஒரு குண்டுகூடப் படாமல் உருவம் உட்காரக்கூடிய ஓட்டைகள் எத்தனை? மூன்று நான்கு இருந்தால் அந்தத் தோட்டாவும் சோக்கும் அந்தத் தூரத்துக்குப் பொருந்தவில்லை. ஒரு படி நெருங்கிச் சுடுங்கள், அல்லது ஒரு எண் சின்னக் குண்டு, அல்லது ஒரு படி இறுக்கமான சோக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வட்டத்தின் நடு கறுப்புப் புள்ளியிலிருந்து தொடர்ந்து ஒரே பக்கம் விலகினால் குறை தோட்டாவில் இல்லை, துப்பாக்கி தோளில் உட்காரும் விதத்திலோ குழலிலோ இருக்கிறது. ஒரு தாளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்தாலும் தோட்டாவுக்குத் தோட்டா பத்து விழுக்காடு ஏறி இறங்குவது இயல்பு. தோட்டா ஒதுக்கீடு குறைவு என்று இதில் சிக்கனம் பிடிப்பவர்கள் உண்டு. காயத்தோடு தப்பும் விலங்கை நினைத்தால் இந்தச் செலவு செலவே அல்ல.

அப்பா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டாவின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் அறை 65 மில்லிமீட்டர். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 70, சில 76. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுமுன் மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும்; சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். நுழைகிறதே என்று போடாதீர்கள், குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்கும் காரணம் உண்டு. அது தவறி 12 போரில் விழுந்தால் உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டு போரையும் ஒரே பையில் வைக்கவே கூடாது.

பினாங்கு ஈரப்பதத்தில் தோட்டாவின் பித்தளை அடி பச்சைபிடிக்கும். காற்றுப்புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, பூட்டிய இரும்புப் பெட்டி. அடியில் துரு ஏறியதைச் சுடாதீர்கள். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் அரை நிமிடம் பிடித்துவைத்துப் பிறகு திறங்கள். வழக்கத்தைவிட மந்தமாக 'பொப்' என்று மட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்தித் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழல் வழியே வெளிச்சம் பாருங்கள், வாட் உள்ளேயே நின்றிருக்கலாம்.

ஈயமா இரும்பா என்ற கேள்வி எண்ணெய்ப்பனைக்காரருக்கு அவ்வளவாக வராது, பெனாகா, கெபாலா பத்தாஸ் பக்கம் வயல் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு வரும். வயல் நீரில் கிடக்கும் ஈயக்குண்டை நீர்ப்பறவைகள் கல்மணி என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. இரும்புக்குண்டு அடர்த்தி குறைவு, ஈயத்துக்கு 11.3 என்றால் இரும்புக்கு 7.8. அதனால் இரண்டு எண் பெரிதாக எடுக்க வேண்டும்: ஈயத்தில் 6 போட்டவர் இரும்பில் 4. அரைச் சோக்குக்கு மேல் இறுக்கமாக வேண்டாம், இரும்பு நசுங்காது, குழல்தான் விரியும். பழைய துப்பாக்கியில் இரும்பே வேண்டாம்.

வாட் விஷயத்தில் எனக்கு உறுதியான ஒரு விருப்பம் உண்டு. நம் ஆட்கள் பலர் செம்பனைக்குள் மாடு மேய்க்கிறார்கள். பிளாஸ்டிக் வாட் சுட்ட இடத்திலிருந்து பத்திருபது மீட்டரில் புல்லுக்குள் விழுந்து ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மேயும் மாடு புல்லோடு சேர்த்து அதையும் வாயில் எடுக்கும். நார் வாட் மழையில் ஊறி மண்ணாகிவிடும். நார் வாட்டில் பரவல் சற்று அகலும், அதைச் சரிக்கட்ட கால் சோக் போடும் இடத்தில் அரைச் சோக் போடுங்கள். கடையில் நார் வாட் இல்லை, பிளாஸ்டிக்தான் கிடைத்தது என்றால், சுட்டு முடித்ததும் வெற்று உறைகளோடு அந்த வாட்டுகளையும் தேடிப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.